ஸ்டீராய்டு ரத்தக்குழாயை வளர்க்குமா, தடுக்குமா? முட்டையில பாக்குற முறை

கேன்சர் பக்கம் எம்எஸ்சி ப்ராஜெக்ட் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். கட்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வளரணும்னா புதுசா ரத்தக்குழாய் வேணும்னு 1971லயே அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மேன் எழுதிட்டாரு. அந்தக் குழாயை ஸ்டீராய்டு என்ன பண்ணும்னு கேட்டா, எந்த ஸ்டீராய்டு, கூட என்ன இருக்குன்னு பாத்துத்தான் சொல்ல முடியும். 1983ல அவரு டீம் கார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டோட ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து) சேர்த்தப்போ குழாய் வளர்றது நின்னுச்சு. 1985ல டெட்ராஹைட்ரோகார்டிசால்ங்கிற இன்னொரு ஸ்டீராய்டுலயும் அதே கதைதான், ஆனா அதுக்கு வழக்கமான ஸ்டீராய்டு வேலை கிட்டத்தட்ட எதுவுமே கிடையாது, எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் இதுதான்.

இதை நீங்களே கோழி முட்டைக்குள்ள வளர்ற கருவோட ரத்தக்குழாய்ல சோதிச்சுப் பாக்கலாம். கடை முட்டையில குஞ்சாகுற கரு இருக்காது, ஹேச்சரில சேவல் சேர்ந்த முட்டையா கேட்டு வாங்குங்க. 37.5 டிகிரில மூணு நாள் படுக்க வச்சு, கூர்முனையில சின்ன ஓட்டை போட்டு சிரிஞ்சால 2, 3 மில்லி வெள்ளைக்கரு எடுத்துடுங்க, அப்பதான் கரு ஓட்டுல ஒட்டாம கீழ இறங்கும். மேல சின்ன ஜன்னல் வெட்டி டேப் ஒட்டி திரும்ப இன்குபேட்டர்ல வைங்க. எட்டாம் நாள் டேப்பை உரிச்சா சிவப்பு நூல் மாதிரி கிளை கிளையா குழாய் ஓடும், கரு அசையுறது கண்ணுக்கே தெரியும். அங்க மருந்து கலந்து காய வச்ச மெத்தில் செல்லுலோஸ் (மருந்தைப் பிடிச்சு வச்சுக்கிற பசை மாதிரியான பொருள்) டிஸ்க்கை மெதுவா வைங்க, 48 மணி நேரம் கழிச்சு டிஸ்க்கைச் சுத்தி குழாயே இல்லாம வெளேர்னு வட்டம் விழுந்திருக்கான்னு பாருங்க, விழுந்திருந்தா குழாய் வளர்றது தடைபட்டிருக்குன்னு அர்த்தம்.

கண்ட்ரோல்ல, அதாவது ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற முட்டைகள்ல, மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டீராய்டு தண்ணியில சரியா கரையாது, எத்தனால்லதான் (ஆல்கஹால்) கரைப்போம். என் முதல் பேட்ச்ல வெறும் எத்தனால் டிஸ்க் வைக்கல, அழகா வட்டம் விழுந்துச்சு, குதிச்சேன், அடுத்த பேட்ச்ல வச்சுப் பாத்தா அதுலயும் அதே வட்டம், டிஸ்க் சரியா காயல, ஒரு மாசம் போச்சு. அதனால வெறும் டிஸ்க், ஸ்டீராய்டு மட்டும், ஹெப்பாரின் மட்டும், ரெண்டும் சேர்ந்ததுன்னு நாலு குரூப் கட்டாயம், நாலுலயும் எத்தனால் ஒரே அளவு.

ரிசல்ட் எழுதும்போது பொத்தாம்பொதுவா ஸ்டீராய்டுன்னு எழுதாதீங்க. மார்பகப் புற்றுநோய் செல்லுல பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், விஇஜிஎஃப்பை (ரத்தக்குழாயை வளர வைக்கிற புரதம்) ஏத்தி குழாய் வளர உதவும், ஆனா ஈஸ்ட்ரோஜன்ல ஒரு வகையான ஈஸ்ட்ரடயால்ல இருந்து உடம்பே தயாரிக்கிற 2-மெத்தாக்ஸிஈஸ்ட்ரடயால் குழாயைத் தடுக்கும்னு 1994ல வந்துச்சு. ப்ராஸ்டேட் கட்டியில ஆண் ஹார்மோனை நிறுத்துனா விஇஜிஎஃப் குறையும். முட்டையில வந்த ரிசல்ட்டை வச்சு நோயாளிங்க யாருக்கும் மருந்து யோசனை மட்டும் சொல்லிடாதீங்க, மூளைக் கட்டிக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு எடுக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா ஆபத்து.

எதிக்ஸ் கமிட்டிகிட்ட முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க, பத்து நாளைக்கு மேல கருவை வளர விடாம போட்டோ எடுத்த உடனே முடிச்சுடுங்க, அதுக்கும் உயிர் இருக்கு.