லினக்ஸ் சர்வரில் வந்து வந்து போகும் இணைப்பு

இணைப்பு முற்றிலும் அறுந்துவிட்டால் காரணம் விரைவில் அகப்பட்டுவிடும்; வருவதும் போவதுமாக இருப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் கேட்வேக்கு (உங்கள் நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர்) ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), வெளியிலுள்ள முகவரிக்கு மற்றொரு பிங் என இரண்டையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கேட்வேக்குச் செல்லும் பாக்கெட்டுகளே தொலைகின்றன என்றால், இணையச் சேவை நிறுவனத்தை அழைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் உங்கள் அறைக்குள்தான் இருக்கிறது.

அடுத்து, நெட்வொர்க் போர்ட்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் (ethtool) கட்டளையைக் கொடுத்து இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 1000 மெகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால், ஜிகாபிட் போர்ட் 100 என்று காட்டினால் முதலில் கேபிளையும் அதன் முனைகளையும் சந்தேகியுங்கள். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில், ரேக் கதவை மூடும்போதெல்லாம் நசுங்கிய நீலக் கேபிள் ஒன்று எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்தது. சிம் லிம் ஸ்குவேரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள்தான். யோசிக்காமல் மாற்றிப் பாருங்கள்.

கேபிள் மாற்றியும் தீரவில்லையென்றால், அதே நெட்வொர்க்கிலுள்ள வேறொரு கணினியிலிருந்து சர்வரின் ஐபி முகவரிக்கு ஆர்ப்பிங் (arping, அந்த ஐபி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று கேட்கும் கட்டளை) அனுப்புங்கள். இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) பதிலளித்தால், யாரோ அதே ஐபியை இன்னொரு கருவிக்கும் கொடுத்திருக்கக்கூடும்.