கார்ட் ஷோல சல்லிசா வாங்கணுமா? குனிஞ்சு பாருங்க

ஸ்போர்ட்ஸ் கார்ட் ஷோ, அதாவது விளையாட்டு வீரர்கள் படம் போட்ட சேகரிப்பு கார்டுகள விக்கற சந்தைக்குப் போனா எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மின்னுறதத்தான் மொய்ப்பாங்க, ஆனா நமக்கு வேண்டியது மேசைக்கு அடியில "எதை எடுத்தாலும் ஒரே விலை"ன்னு கெடக்கற அட்டைப்பெட்டிதான். பொறுமையா ஒண்ணொண்ணா தள்ளிப் பாருங்க, முன்னாடி மட்டுமில்ல, பின்பக்கமும் திருப்புங்க, குறைச்சலா அச்சடிச்ச கார்டுல போடற சீரியல் நம்பர் சிலதுல அங்கதான் இருக்கும், கடைக்காரரே கவனிக்காம போட்டிருப்பாரு. வெளிச்சத்துல லேசா சாய்ச்சுப் பிடிச்சா கீறல் தெரிஞ்சிடும், நாலு மூலையும் பாத்துக்கங்க.

1980கள் கடைசி, 1990கள் ஆரம்பத்துல வந்த பேஸ்பால் கார்டுன்னா பழசாச்சேன்னு ஏமாறாதீங்க, அப்போ கோடிக்கணக்குல அச்சடிச்சுத் தள்ளிட்டாங்க, பெரும்பாலானதுக்கு மதிப்பே கிடையாது.

விலை பாக்கறப்போ ஈபேல கேக்கற விலைய நம்பாதீங்க, வித்து முடிஞ்ச விலைய ஃபில்டர் போட்டுப் பாருங்க. கார்டோட தரத்த சோதிச்சு மதிப்பெண் போட்டு சீல் பண்ற பிஎஸ்ஏ கம்பெனியோட கவர்ல கார்டு இருந்தா, அதுமேல இருக்கற நம்பர அவங்க சைட்ல போட்டு சரிபாத்துட்டு அப்புறம் காசு எடுங்க.

பேரம் பேச நல்ல நேரம் கடைசி ஒரு மணி நேரம்தான், மூட்டை கட்டற மூடுல இருப்பாங்க, அஞ்சாறு கார்ட சேத்து வச்சு "மொத்தமா எவ்ளோ"ன்னு கேளுங்க, கையில ரொக்கம் இருந்தா இன்னும் எறங்கி வருவாங்க. ஆனா அபூர்வமா ஏதாவது தேடிப் போறீங்கன்னா காலைலயே போயிடுங்க, அது சாயந்திரம் வரைக்கும் இருக்காது.