'சரி சார்' என்பதன் பொருள்: சென்னையில் குழுவை நடத்த வரும் தமிழர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து சென்னை சோழிங்கநல்லூருக்கு, பதினோரு பேர் கொண்ட மென்பொருள் குழுவை நடத்த வந்தேன். தமிழ் ஊர், தமிழ் பேசும் ஆட்கள், என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றிருந்தேன். முதல் மூன்று மாதம் படாத பாடு பட்டேன். வெளிநாட்டிலிருந்து இப்போது வந்திறங்கும் உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில் 'சரி சார்' என்ற சொல். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதே அதன் பொருள். சொன்ன தேதியில் வேலை முடியும் என்பதல்ல. 'பார்க்கிறேன் சார்' என்றால் பெரும்பாலும் முடியாது என்றே கொள்ளுங்கள். இதைப் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பேர் முன்னால் பெரியவரை மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

"வெள்ளிக்கிழமை முடியுமா?" என்று கேட்பதை விட்டேன். "முடியாமல் போனால் எதனால் போகும்?" என்று கேட்டேன். சோதனைக்கான சர்வர் இரண்டு வாரமாகப் படுத்துக் கிடப்பது அன்றுதான் தெரிந்தது. சொன்ன தம்பியை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கடிந்துகொள்ளாமல், மதியமே சர்வர் பிரிவில் நானே போய் நின்றேன். அதன்பிறகு கெட்ட செய்திகள் தாமாகவே என் மேசைக்கு வரத் தொடங்கின. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: தவறைச் சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுதான் கற்றுக்கொள்கிறது. கூட்ட அறையில் வாய் திறக்காதவர்கள் நான்கு மணி டீக்கு நடக்கும்போது பேசுவார்கள். ஒருவரை மட்டும் அழைத்துப் போங்கள்.

உங்களைச் 'சார்', 'மேடம்' என்று அழைத்தால் தடுக்க வேண்டாம். பதிலுக்கு, பயிற்சிக்கு வந்தவரையும் 'நீங்கள்' என்றே அழையுங்கள்.

அலுவலகத்தில் நாள் முழுக்கத் தமிழ் பேசலாம் என்பது எனக்குப் பெரிய பூரிப்பு. ஒரு நாள் எல்லாரும் தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, ஆந்திராவின் கடப்பாவிலிருந்து வந்த பெண் நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் தெரியாத ஒருவர் இருந்தாலும் இப்போது கூட்டம் ஆங்கிலத்தில்தான்.

ஆள் எடுப்பதில் பொறுமை வேண்டும். பல நிறுவனங்களில் விலகல் அறிவிப்புக் காலம் மூன்று மாதம். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் பழைய இடத்தில் அதை முடிப்பதற்குள் இன்னொரு வேலை அவரைத் தேடி வரும். கையெழுத்திட்டதோடு விடாமல் வாரம் ஒருமுறை பேசுங்கள்.

நவம்பர், டிசம்பரில் முக்கிய வெளியீடு எதையும் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நிற்கும். 2015 வெள்ளத்தை நேரில் கண்டவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். பொங்கல் விடுப்பை நவம்பர் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, திறந்த சில நிமிடங்களில் தெற்கே போகும் டிக்கெட்டுகள் தீர்ந்துவிடும். தெலுங்கர்களுக்கும் அதே நாளில் சங்கராந்தி. என் ஊர் கடல் கடந்து இருப்பதால் அந்த வாரம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கடப்பாப் பெண் திரும்பும்போது ஒரு டப்பா அரிசெலு கொண்டுவருவார்; நம் அதிரசத்தின் அதே ருசி.