எஸ்இ லினக்ஸை அணைக்காமல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஓட்டுவது எப்படி?

மெயில் சர்வர் அமைக்கச் சொல்லித்தரும் பல குறிப்புகளில் முதல் வேலையே எஸ்இ லினக்ஸை (லினக்ஸில் உள்ள கூடுதல் காவல் அமைப்பு) அணைப்பதுதான். அணைத்தால் எல்லாம் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் மெயில் வந்து சேரும் 25ஆம் போர்ட் ஊர் உலகத்துக்கே திறந்து கிடக்கும் மெஷின் அது. 2019 ஜூனில் எக்சிம் என்ற மெயில் சர்வரில் வெளிவந்த ஓட்டை (4.87 முதல் 4.91 வரை) நினைவிருக்கும்: பெறுநர் முகவரிக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால் சர்வர் அதை ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசராக) ஓட்டிவிடும். அடுத்த ஜனவரியில் ஓப்பன்எஸ்எம்டிபிடி என்ற இன்னொரு மெயில் சர்வரில் அனுப்புநர் முகவரி வழியாக அதே கதை.

சாதாரண ஃபைல் அனுமதிகள் ரூட்டைத் தடுக்காது. எஸ்இ லினக்ஸ் தடுக்கும். ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு டொமைன், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். எந்த டொமைன் எந்த லேபிளைத் தொடலாம் என்பதைப் பாலிசி சொல்லும். அதில் இல்லாததை ரூட்டே கேட்டாலும் கிடைக்காது. (மெயில் முகவரியில் வரும் டொமைன் வேறு, இது வேறு.)

ராக்கி அல்லது அல்மா 9 லினக்ஸ், அதில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறுவது), டவ்காட் (வந்த மெயிலை யூசருக்குப் படிக்கத் தருவது) ஏற்கெனவே ஓடுகிறது, மெயில்கள் /எஸ்ஆர்வி/விமெயில் அடியில், விமெயில் என்ற யூசர் பேரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதல் படி: எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

"கெட்என்ஃபோர்ஸ்" தட்டுங்கள். என்ஃபோர்சிங் (மீறலைத் தடுக்கும் நிலை) என்று வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். டிசேபிள்ட் என்று வந்தால் நேராக என்ஃபோர்சிங்குக்குத் தாவாதீர்கள். அணைந்திருந்த காலத்தில் உருவான ஃபைல்களுக்கு லேபிளே இருக்காது. முதலில் பெர்மிசிவ் (மீறலைக் குறித்துக்கொள்ளும், தடுக்காது), ரூட் (/) டைரக்டரியில் ".ஆட்டோரீலேபிள்" என்ற காலி ஃபைல், ஒரு ரீபூட். மெயில்பாக்ஸ்கள் பெரிதாக இருந்தால் இந்த ரீபூட் வெகுநேரம் இழுக்கும். பகல் வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் புராசஸ் உண்மையிலேயே சிறைக்குள் இருக்கிறதா?

"பிஎஸ் -இஇசட்" (சின்ன இ, பெரிய இசட்). மாஸ்டர் புராசஸ் போஸ்ட்ஃபிக்ஸ்_மாஸ்டர்_டி என்றும், எஸ்எம்டிபிடி போஸ்ட்ஃபிக்ஸ்_எஸ்எம்டிபிடி_டி என்றும், டவ்காட் டவ்காட்_டி என்றும் தெரிய வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் வேலைகளைத் தனித்தனி புராசஸாகப் பிரித்து வைத்திருப்பதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது: வெளியுலகத்தோடு பேசும் துண்டுக்கு (எஸ்எம்டிபிடி) ஒரு டொமைன், மெயிலைக் கொண்டுபோய்ப் போடும் துண்டுக்கு வேறொன்று.

அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி என்று தெரிந்தால் காவல் ஏதும் இல்லை என்று அர்த்தம். டவ்காட்டை நீங்களே கம்பைல் செய்து /யூஎஸ்ஆர்/லோக்கல் அடியில் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். கெட்என்ஃபோர்ஸ் என்ஃபோர்சிங் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜையே பயன்படுத்துங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

பாலிசி என்ன தடுக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசையா? செட்டூல்ஸ்-கன்சோல் பேக்கேஜில் உள்ள "செசர்ச்" கட்டளையிடம் போஸ்ட்ஃபிக்ஸ்_எஸ்எம்டிபிடி_டி, ஷேடோ_டி இரண்டையும் கொடுத்துக் கேளுங்கள். பாஸ்வேர்ட் ஹேஷ் இருக்கும் ஃபைலைப் படிக்க அனுமதி வராது.

மூன்றாம் படி: லேபிள்

வேலையே இதுதான். போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் பாலிசி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுத வேண்டியது ஏதும் இல்லை, ஃபைல்களுக்குச் சரியான பெயர்ச்சீட்டு ஒட்டினால் போதும்.

/எஸ்ஆர்வி அடியில் எது இருந்தாலும் இயல்பாக வார்_டி என்ற பொது லேபிள் விழும். டவ்காட் அதில் எழுத முடியாது. அப்போது டவ்காட்டின் லாகை முழுதாகப் படியுங்கள். யூனிக்ஸ் அனுமதிகள் சரியாகத்தான் தெரிகின்றன, ஏசிஎல் அல்லது மேக் தவறோ என்று அதுவே கேட்டிருக்கும். அந்த மேக், ஆப்பிள் மேக் அல்ல, நாம் பேசிக்கொண்டிருக்கும் கட்டாய அணுகல் கட்டுப்பாடுதான். அந்த வரியைப் பார்த்த பிறகும் சிஎச்மாட் 777 போடுபவர்களுக்கு என்ன சொல்வது!

சரியான வழி இந்த இரண்டு வரிகள்:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் --ஆட் --டைப் மெயில்_ஸ்பூல்_டி '/எஸ்ஆர்வி/விமெயில்(/.*)?'
ரீஸ்டோர்கான் -ஆர்வி /எஸ்ஆர்வி/விமெயில்

(இரண்டாவதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து.) முதல் வரி விதியைப் பதிவுசெய்கிறது, இரண்டாவது அதை ஃபைல்கள்மேல் ஒட்டுகிறது. முதல் வரியோடு நிறுத்திவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பவர்கள் நிறைய. சிஎச்கான் (லேபிளை நேரடியாக மாற்றும் கட்டளை) வேண்டாம், அடுத்த ரீலேபிளில் அது போட்டது அழிந்துவிடும்.

இன்னொன்று: எம்வி கட்டளை பழைய லேபிளையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும். ரூட்டின் ஹோமில் உருவாக்கிய சான்றிதழை எம்வி செய்து டவ்காட்டுக்குக் கொடுத்தால் அட்மின்_ஹோம்_டி ஒட்டிக்கொண்டே வந்து நிற்கும். சிபி செய்தால் போய்ச் சேரும் டைரக்டரியின் லேபிள் கிடைக்கும். எப்படி நகர்த்தினாலும் ஒரு ரீஸ்டோர்கான் போட்டுவிடுவது என் பழக்கம்.

நான்காம் படி: தடுத்தது எது?

ஏயூசர்ச் --மெசேஜ் ஏவிசி --ஸ்டார்ட் ரீசன்ட்

ஏவிசி என்பது எஸ்இ லினக்ஸின் மறுப்புப் பதிவு. வரும் வரியில் எஸ்கான்டெக்ஸ்ட் என்றால் கேட்டவர், டிகான்டெக்ஸ்ட் என்றால் கேட்கப்பட்ட பொருள், சுருள் அடைப்புக்குள் இருப்பது செய்ய முயன்ற செயல். பெரும்பாலும் டிகான்டெக்ஸ்டைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும்: லேபிள் தப்பு.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. பெர்மிசிவில் போட்டால் மெயில் ஓடும், என்ஃபோர்சிங்கில் நிற்கும், ஏயூசர்ச்சோ ஒன்றுமே இல்லை என்று கைவிரிக்கும். காரணம் டோன்ட்ஆடிட் விதிகள். லாக் நிரம்பி வழியக்கூடாது என்பதற்காகச் சில மறுப்புகளைப் பதிவே செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அவற்றைத் தற்காலிகமாக விலக்க:

செமாட்யூல் --டிசேபிள்_டோன்ட்ஆடிட் --பில்ட்

இப்போது மறுபடி ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள், ஒளிந்திருந்த மறுப்பு லாகில் வந்து விழும். சம்பந்தமில்லாத குப்பையும் சேர்ந்து கொட்டும். டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் வரிகளை மட்டும் பொறுக்குங்கள். முடிந்ததும் "செமாட்யூல் --பில்ட்" போட மறக்காதீர்கள்.

சோதிக்கும்போது மொத்த மெஷினையும் பெர்மிசிவ் ஆக்காதீர்கள். "செமேனேஜ் பெர்மிசிவ் --ஆட் டவ்காட்_டி" என்றால் டவ்காட் மட்டும் தளரும், மற்றவை காவலிலேயே இருக்கும். பிறகு --ஆட் இடத்தில் --டெலீட்.

ஆடிட்2அலவ் பற்றி

இணையத்தில் முதலில் கண்ணில் படும் தீர்வு இது. லாகைக் கொடுத்தால் பாலிசி மாட்யூல் தயாரித்துத் தரும். நமது உதாரணத்தில் அது என்ன தரும் தெரியுமா? டவ்காட்_டி, வார்_டியில் எழுதலாம் என்று. வார்_டி லேபிள் உங்கள் மெயில் டைரக்டரியில் மட்டுமா இருக்கிறது? மெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ ஃபைல்களில் இருக்கிறது. லேபிள், போர்ட், பூலியன் (பாலிசியில் ஏற்கெனவே உள்ள ஆன்/ஆஃப் சுவிட்ச்) மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். ஏன் தடுக்கப்பட்டது என்று விளக்கும் ஆடிட்2ஒய் எனக்குப் பிடிக்கும். பூலியன் மாற்றினால் போதுமென்றால் அதுவே சொல்லிவிடும்.

போர்ட் என்றேன். அதற்கும் லேபிள் உண்டு. எஸ்எம்டிபியை 2525இல் கேட்கவைத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் கிளம்பாது. அதற்கு:

செமேனேஜ் போர்ட் --ஆட் --டைப் எஸ்எம்டிபி_போர்ட்_டி --புரோட்டோ டிசிபி 2525

பின்சேர்க்கை 1: ரவுண்ட்கியூபில் (பிரவுசரில் மெயில் படிக்க உதவும் வெப்மெயில்) லாகின் ஆகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே தடுக்கப்படுவது டவ்காட் அல்ல, வெப் சர்வர். "செட்செபூல் -பி எச்டிடிபிடி_கேன்_சென்ட்மெயில் ஆன்" (பி பெரியது). அந்தப் பெரிய எழுத்தை விட்டால் ரீபூட்டோடு போய்விடும்.

பின்சேர்க்கை 2: டெபியன்காரர்களுக்கு. டெபியன் 10 முதல் ஆப்ஆர்மர் (எஸ்இ லினக்ஸ் போன்ற இன்னொரு காவல் அமைப்பு) இயல்பாகவே ஓடுகிறது, ஆனால் அதனால் டவ்காட் தானாகக் காவலுக்குள் வந்துவிடாது. அதற்கான புரொஃபைல்கள் ஆப்ஆர்மர்-புரொஃபைல்ஸ் என்ற தனி பேக்கேஜில், கம்ப்ளெயின் நிலையில் வருகின்றன. மீறலைக் குறித்துக்கொள்ளும், தடுக்காது. ஆப்ஆர்மர் லேபிளைப் பார்ப்பதில்லை, பாதையைப் பார்க்கிறது; எம்வி தொல்லை கிடையாது. பதிலுக்கு, மெயில் இருக்கும் பாதையை நீங்கள் சொல்ல வேண்டும்: ஆப்ஆர்மர்.டி அடியில் ட்யூனபிள்ஸ் டைரக்டரியில் உள்ள டவ்காட் ஃபைலில், டவ்காட்_மெயில்ஸ்டோர் வரியில் /எஸ்ஆர்வி/விமெயில்/ சேருங்கள். கடைசிச் சாய்கோட்டையும் விடாதீர்கள். ஆப்ஆர்மரை ரீலோட் செய்து, சில நாள் கம்ப்ளெயினிலேயே ஓடவிட்டு, ஏஏ-லாக்புரொஃப் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லிவிட்டு, பிறகு ஏஏ-என்ஃபோர்ஸ்.