தார் பாலைவன மணலில் வண்டி ஏற்றுமுன்

ஞாயிற்றுக்கிழமை டெல்லி ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் தரிசனம் முடித்துப் படியிறங்கும்போது யாராவது கேட்டுவிடுவார்கள்: "அக்கா, டிசம்பர் லீவுக்கு ஜெய்சல்மேர் போறோம். சாம் மணல்மேட்டுல ஜீப் ஓட்ட என்ன தெரிஞ்சிருக்கணும்?" டயர் காற்றைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் எந்த மண்ணில் ஓட்டப்போகிறோம் என்று தெரிந்தால் பாதி வித்தை தானாகவே வந்துவிடும்.

டெல்லியிலிருந்து ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் ஏறத்தாழ 800 கி.மீ. ஒரே மூச்சில் போகாமல் பிகானேரில் ஓர் இரவு தங்குங்கள். வழியில் வயல் நடுவே கிளை கழித்த மரங்கள் நிற்கும். அங்கே கேஜ்ரி என்பார்கள். நம் சிவன் கோயில்களில் தல மரமாக நிற்கிற வன்னிதான் அது. 1730-இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் அதை வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ருதா தேவி தொடங்கி பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார்கள். அதனால் இரவில் தீ மூட்ட விறகை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கிளையில் கை வைக்காதீர்கள்.

ஜெய்சல்மேர் சேர்ந்ததும் நேரே மணலுக்கு ஓடாதீர்கள். பார்மேர் சாலையில் 17 கி.மீ. தள்ளி அகல் மரப் புதைபடிவப் பூங்கா இருக்கிறது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காட்டின் அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பெரியது 13 மீட்டருக்கும் மேல் நீளம். பட்டையின் வரிகூடத் தெரியும். முதல் முறை பார்த்தபோது அரை மணி நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தக் காட்டுக்குப் பிறகு கடல் வந்தது. ஊரெல்லாம் தெரிகிற மஞ்சள் கல் அந்தக் கடலடியில் படிந்தது. சில கற்களில் சிப்பித் தடம் இருக்கும், தடவிப் பாருங்கள். 16.7 கோடி ஆண்டுக்கு முந்தைய தாவர உண்ணி டைனோசர் ஒன்றின் எலும்புகளும் இந்தப் பக்கம்தான் கிடைத்தன. 2023-இல் அதற்குத் தாரோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்று நம் முன்னோர் சொன்னது இங்கே கண்ணெதிரே கிடக்கிறது.

இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது மணல். கோடைக் காலத்தில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுதான் அதை வாரிக் கொண்டுவந்து குவித்தது. ஓட்டுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான். காற்று வரும் பக்கம் மேடு சாய்வாக, கெட்டியாக இருக்கும். மறுபக்கம், அதாவது வடகிழக்கில், மணல் சரிந்து 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக, பொலபொலவென்று நிற்கும். ஜெய்சல்மேரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது இந்தச் சரிவுதான். நான் முதல் தடவை அதில்தான் நேரே ஏற்றினேன். பழைய ஜிப்ஸி ஜீப் அச்சு வரை புதைந்தது. என் தம்பியும் நானும் இரண்டு மணி நேரம் தோண்டினோம். ஒட்டகக்காரர் ஒருவர் வந்து தரையில் இருந்த சின்ன மணல் அலைகளைக் காட்டினார்: ஒரு பக்கம் நீளச் சரிவு, மறுபக்கம் குட்டைச் சரிவு. பெரிய மேடும் அதே மாதிரிதான். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தி, உச்சி வரை நடந்து பார்க்காமல் நான் ஏற்றுவதில்லை.

சரி, டயர். 30 பி.எஸ்.ஐ. இருந்தால் 16, 18-க்கு இறக்குங்கள். டயர் அகன்று மணல்மேல் மிதக்கும். காலைக் குளிரில் ஓட்டுங்கள், அப்போது மணல் இறுகியிருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் நேராக. சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். ஏற முடியவில்லை என்றால் வந்த தடத்திலேயே ரிவர்ஸ். நிறுத்த பிரேக்கை மிதிக்காமல், வண்டியின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி தானாக நிற்க விடுங்கள். மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

எங்கே சக்கரம் படக்கூடாது என்பது இதைவிட முக்கியம். குல்தரா என்கிற ஆளில்லாத பழைய கிராமத்தின் பக்கம் பாறைச் சரிவின் அடியில் தாழ்வான மண்கரையும் அதை ஒட்டி சமதரையும் தெரியும். வெறும் பொட்டல் என்று நினைத்து உள்ளே விட்டுவிடாதீர்கள், அது கடீன். ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூட நிச்சயமில்லாத ஊரில், பாறையில் வழிகிற நீரைக் கரைகட்டித் தேக்கி, மண்ணில் ஊறிய ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிக்கிற நிலம். பாலிவால் பிராமணர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குல்தராவை விட்டு அவர்கள் போய்விட்டார்கள். பேய்க்கதை சொல்லி உங்களை அங்கே கூட்டிப்போவார்கள். வீடுகளைவிட அந்தக் கரைகளைப் பாருங்கள். கரைமேல் ஒரு டயர் ஏறி உடைந்தால் அடுத்த மழைத் தண்ணீர் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்காது.

அப்புறம் கானமயில் என்கிற பெரிய பறவை. உலகில் இருநூறுக்கும் குறைவாகவே மிச்சம். பெரும்பாலும் இந்தப் பாலைவனத்தில்தான். வெறும் தரையில் ஒற்றை முட்டை இடும். 3,162 சதுர கி.மீ. பாலைவனத் தேசியப் பூங்காவில் போட்ட தடத்தை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். பாகிஸ்தான் எல்லைப் பக்கம் போக அனுமதி வேண்டும். உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டால் இதெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

திரும்பும்போது தார்ச்சாலையைத் தொடுவதற்கு முன் டயரில் மறுபடி காற்றை நிரப்புங்கள். கையடக்கக் காற்று பம்பை டெல்லியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாமிலிருந்து ஜெய்சல்மேர் 40 கி.மீ., குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழியும்.