சுற்றுலா வண்டியில் ஏறுமுன் ஜெட்லாக் தெளிய நெல்லைச் சீமையில் எங்கே தங்குவது?

தாமிரபரணிக் கரைப் பக்கம் உள்ள ஒன்பது பெருமாள் கோயில்களைச் சுற்றிக்காட்டும் நவதிருப்பதி வண்டி காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் டிசம்பர். அந்த ஆறு மணி, முந்தின நாள் லண்டனிலிருந்து வந்திறங்கியவரின் உடம்புக்கு நள்ளிரவு 12.30. நியூயார்க்கிலிருந்து வந்தவருக்கு முந்தின நாள் சாயங்காலம் 7.30. கலிபோர்னியாக்காரருக்குப் பிற்பகல் 4.30. சிட்னியிலிருந்து வந்தவருக்கோ முற்பகல் 11.30. நாலு பேரும் ஒரே வண்டியில் ஏறினாலும் நாலு விதமாகத் தள்ளாடுவார்கள். லண்டன்காரர் முதல் கோயிலிலேயே தூங்கி வழிவார். நியூயார்க்காரர் பத்தரை மணி வரை உற்சாகமாக இருந்துவிட்டுச் சட்டென்று சரிவார். கலிபோர்னியாக்காரருக்கு மதியச் சாப்பாட்டோடு கண் சொருகும். சிட்னிக்காரர் பகலெல்லாம் தெளிவாக இருப்பார், ராத்திரி இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாமியாடுவார்.

அதனால் எந்த ஊரில் தங்கலாம் என்று அழகைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உங்களுக்கு வெயில் எந்த நேரம் தேவை, இருட்டு எந்த நேரம் தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதற்குத் தோதான இடம் எது என்று பிறகு பார்க்கலாம்.

எத்தனை ராத்திரி முன்னதாக வரவேண்டும்? ஐரோப்பாவிலிருந்து வந்தால் இரண்டு. அமெரிக்கா, கனடா என்றால் மூன்று. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று போதும், இரண்டு இருந்தால் சுகம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவூதி எல்லாம் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். அவர்களுக்கு இருப்பது வெறும் பயண அலுப்பு, ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினால் போய்விடும். உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும், மேற்குத் திசையில் பயணம் வந்தவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் வரை. எனவே நியூயார்க்கின் பத்தரை மணி நேர வித்தியாசம் மூன்று நாளில் முழுக்கத் தெளியாது. ராத்திரி தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் தூக்கம், பகலில் நிற்கத் தெம்பு, இந்த இரண்டும் கிடைத்தாலே வண்டியில் ஏறலாம்.

வெயில் கணக்கு

ஊருக்கு வந்த மறுநாளே கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரிய உதயம் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். லண்டனிலிருந்து வந்தவருக்கு அது நேர் எதிர் வைத்தியம்.

காரணம் இதுதான். உடம்பின் உள்கடிகாரத்துக்கு ஒரு நடுச்சாமம் உண்டு. வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால், உடல் சூடு மிகவும் இறங்கியிருக்கும் நேரம் அது. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும், அதாவது அடுத்த நாள் சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் விழிப்பு வரும். அதற்கு முன்னால் படும் வெளிச்சம் பின்னே இழுக்கும். லண்டனில் ஏழு மணிக்கு எழுபவரின் நடுச்சாமம் அங்கே நாலு, ஐந்து மணி. இங்கே அது டிசம்பரில் 9.30 முதல் 10.30, ஜூனில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறரை மணி உதயத்தை அவர் பார்த்தால் கடிகாரம் முன்னே வராமல் இன்னும் பின்னே ஓடும். மறுநாள் ராத்திரி இரண்டு மணி வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

எனவே ஐரோப்பாக்காரர்கள் முதல் நாள் பத்தரை மணி வரை திரை போட்ட அறைக்குள்ளேயே இருங்கள். வெளியே போயே ஆகவேண்டும் என்றால் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். பத்தரைக்குமேல் மதியம் வரை நிழலோரமாக நன்றாக நடங்கள். வெயிலில் காய வேண்டியதில்லை, திறந்த வானத்தின் வெளிச்சமே போதும், அது குழல்விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். மறுநாள் இதையே ஒன்பது மணிக்கு ஆரம்பியுங்கள். மூன்றாம் நாள் வண்டி ஏறலாம். உதயத்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கன்னியாகுமரி எங்கும் போய்விடாது.

நியூயார்க், டொரன்டோ பக்கமிருந்து வந்தவர்களுக்கு நடுச்சாமம் இங்கே டிசம்பரில் பிற்பகல் இரண்டரை முதல் மூன்றரைக்குள் விழுகிறது. மூன்றரை முதல் பொழுது சாயும்வரை வெளியே இருங்கள், காலையில் அறைக்குள் இருங்கள். கலிபோர்னியாக்காரர்களுக்கு நடுச்சாமம் நாலரை மணிக்குமேல் வருகிறது, அவர்களுக்குக் கடிகாரத்தைப் பின்னே இழுப்பதுதான் சுலபம். காலையிலிருந்து நாலு மணி வரை எவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் நல்லது, அதன்பின் உள்ளே வந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் சாயங்கால வெளிச்சத்தை விடக்கூடாது. இருட்டியபிறகும் ஒன்பதரை வரை விளக்குகளை எரியவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விளக்கைப் போடாமல் படுத்திருங்கள்.

எந்த ஊர்?

பெரும்பாலானவர்களுக்குப் பாளையங்கோட்டைதான் சரி. இதில் வியப்பு ஒன்றுமில்லை, அங்கே பார்க்க அதிகம் இல்லை என்பதே அதன் தகுதி. அகலமான தெருக்கள், மரநிழல், நடக்க மைதானங்கள், பக்கத்தில் மருந்துக்கடை, ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் ஜங்ஷன் பக்கத்திலிருந்து கிளம்பும், ஆட்டோவில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். நெல்லை வண்ணார்பேட்டையில் புதிய ஓட்டல்கள் வசதியாக இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையைப் பார்த்த அறை வேண்டாம், ஆம்னி பஸ்கள் ராத்திரி முழுக்க ஹாரன் அடிக்கும். பின்பக்க அறை கேளுங்கள்.

ஜங்ஷனும் டவுனும் தூங்குவதற்கான இடங்கள் அல்ல. டவுனில் ரத வீதிக்குள் அறை எடுத்தால் நெல்லையப்பர் கோயில் கைக்கெட்டும் தூரம், ஆனால் ஆனித் தேரோட்ட நேரத்தில் அங்கே தூங்க நினைப்பதே தப்பு. மார்கழியில் எந்தக் கோயில் பக்கம் தங்கினாலும் விடியுமுன்னே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை கொடை விழா. நம் சீமையில் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை என்றால் இரண்டு மூன்று நாள் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கூம்பு ஒலிபெருக்கி, சாமக்கொடை. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் அறை பதிவு செய்யும்போதே, "பக்கத்துல எங்கயும் கொடை இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் இது தெரியாது. லாட்ஜில் வேலை செய்யும் அண்ணாச்சியிடம் போனில் கேட்டால் தெரியும். கொடை பார்க்க வேண்டியதுதான், ஆனால் தூக்கம் தெளிந்தபிறகு.

பாபநாசம், நெல்லையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அமைதியும் குளிர்ச்சியும் உண்டு. ஐரோப்பாக்காரர்களுக்கு நல்ல இடம், பதினொரு மணிக்கு ஆற்றோரம் நடந்தால் வேலை முடிந்தது. ஆனால் மலை மேற்கே நிற்பதால் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். சாயங்கால வெளிச்சம் தேவைப்படும் நியூயார்க், சிட்னிக்காரர்களுக்கு அது நஷ்டம். குற்றாலமும் இப்படித்தான். மேலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசனில் அங்கே கூட்டம் நெரியும், வானமும் மூடியே கிடக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். தூக்கக் கலக்கத்தோடு அருவிப் பாறையில் நிற்பதும் ஆபத்து. தாமிரபரணியில் குளிப்பதானால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஆற்றில் எங்கே கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, தூங்காத கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது.

திருச்செந்தூரில் கடற்கரை வெளிச்சம் தாராளம். ஆனால் விசேஷ நாளிலும் விடுமுறை நாளிலும் தூக்கத்துக்கு அங்கே இடமில்லை. வேறு வழியில்லாவிட்டால் கோயிலிலிருந்து தள்ளி, வாரநாளில் தங்குங்கள்.

வந்து சேரும் வழி

திருவனந்தபுரமோ மதுரையோ, எங்கே இறங்கினாலும் நெல்லைக்கு 150 கிலோமீட்டர் வாக்கில் வரும். மதுரையிலிருந்து விருதுநகர், கோவில்பட்டி வழியாக நாலுவழிச்சாலை, இரண்டரை மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழி நெரிசலானது, நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு இறங்கினால் உடனே காரில் ஏறாதீர்கள். அது ஓட்டுநருக்கும் தூக்கம் அழுத்தும் நேரம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

சென்னையில் இறங்குபவர்கள் எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் ஏறலாம். வந்தே பாரத் மதியத்துக்குமேல் கிளம்பி ராத்திரி பத்தரை மணி வாக்கில் நெல்லைக்கு வரும், நேரே போய்ப் படுக்க வசதி. தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு விமானத்தில் வந்தால் அங்கிருந்து நெல்லைக்கு முக்கால் மணி நேரம்.

அறை எடுக்கும்போது

முதலில் கேட்கவேண்டியது: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" காலை ஏழு மணிக்கு வந்து சேர்பவருக்கு 12 மணிக் கணக்கு என்றால் ஒன்று முந்தின நாள் வாடகையும் தரவேண்டும், அல்லது வரவேற்பறை சோபாவில் தூங்க வேண்டும்.

அடுத்து, ஜன்னல். லாட்ஜ் திரைகள் பெரும்பாலும் மெல்லியவை, ஆறரைக்கே அறை வெளுத்துவிடும். அடர்நிறப் போர்வை அல்லது ஜமுக்காளம் ஒன்றும் துணி கிளிப் ஆறும் பெட்டியில் இருக்கட்டும். திரைக்கம்பியில் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டு, ஓரங்களைத் திரையோடு சேர்த்துக் கிளிப் மாட்டுங்கள். மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை மறந்துவிடாதீர்கள், அதன் வழியாகத்தான் வெளிச்சம் நேரே தலையணையில் விழும். லிப்டுக்குப் பக்கத்து அறையும் ஜெனரேட்டர் பக்கத்து அறையும் வேண்டாம். ஏசியை 25, 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தெருச்சத்தமும் அமுங்கும்.

சொந்தக்காரர் வீடு

சித்தி வீடு பாளையங்கோட்டையிலேயே இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் வந்திருப்பது தெரிந்தால் தெருவே பார்க்க வரும். தூங்கும் நேரத்தில் எழுப்பிக் காபி கொடுப்பார்கள், பசிக்காத நேரத்தில் இலை போடுவார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். சுற்றுலா முடிந்த மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. அங்கேதான் தங்கியாக வேண்டும் என்றால் மாடி அறை கேட்டு, "டாக்டர் பத்து மணி வரைக்கும் எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு சித்தி" என்று டாக்டர் மேல் பழியைப் போடுங்கள்.

சாப்பாடு, காபி, மாத்திரை

ராத்திரி எட்டு மணிக்குள் இடியாப்பம் சொதியோ இட்லியோ போதும். உளுந்தஞ்சோறும் பரோட்டாவும் நடுராத்திரியில் வயிற்றை எழுப்பிவிடும், ஏனென்றால் ஜீரணத்துக்கும் உள்ளூர் நேரம் இன்னும் பழகவில்லை. காபி மதியம் ஒரு மணியோடு நிற்கட்டும். உடம்பில் போன காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் டம்ளர் பிடிக்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்குக் காபித்தூள் சேர்க்காத கருப்பட்டி சுக்கு நீர் இருக்கிறது. பகலில் இளநீர், பதநீர்க் காலமென்றால் காலையில் ஒரு பட்டை பதநீர்.

எண்ணெய்க் குளியல் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். எண்ணெய் தேய்த்த நாளில் பகலில் தூங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதும் உங்களுக்கு எதிராகவே போகும். ஊர் திரும்புமுன் வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் தூக்கம் 20, 30 நிமிடம், அதுவும் மூன்று மணிக்கு முன், அலாரத்தோடு. அதைத் தாண்டினால் எழும்போது தலை கனத்து, அன்றைய ராத்திரியும் பாழ். தூக்க மாத்திரை மயக்கத்தைத் தரும், கடிகாரத்தை நகர்த்தாது. மெலட்டோனின் நகர்த்தும், ஆனால் அரை மில்லிகிராம் முதல் 3 மில்லிகிராமுக்குள், படுக்கும் நேரத்தை ஒட்டி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்சுலின் போடுபவர்கள் நேர மாற்றக் கணக்கைக் கிளம்பும் ஊரிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிவாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது அலுப்பு அல்ல, ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

வண்டி ஏறும் நாள்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விடும் நவதிருப்பதிச் சிறப்புப் பேருந்து என்றால் கோயில் தோறும் வரிசை நிற்கும், தெளியாத உடம்போடு அதில் ஏறவேண்டாம். வாரநாள் வண்டியோ தனிக்காரோ மேல். கோயில்கள் மதியம் நடை சாத்தும் இடைவெளியில் மற்றவர்கள் அரட்டை அடிக்கட்டும், நீங்கள் இருக்கையைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டு, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். ஜன்னல் இருக்கை கேளுங்கள், வெயிலா நிழலா என்பதை அன்றைய கணக்குப்படி திரையை இழுத்து நீங்களே தீர்மானிக்கலாம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்த உறங்காப்புளியை எத்தனை மணிக்குப் பார்ப்போம் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே கேட்டு வையுங்கள். அந்த மரத்தடியில் நின்று கொட்டாவி விட்டால் வண்டியில் இருப்பவர்கள் திரும்பிப் போகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.