பிளக் மாற்றிய பிறகு என்ஜின் மிஸ் அடிக்கிறதா? கை பட்ட இடத்தை முதலில் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துவிட்டது. ஆனால் நின்ற இடத்திலேயே வண்டி உதறியது. கியர் குச்சி கிடுகிடுவென்று ஆடியது. சைலன்சரில் ஒரே சீராக வர வேண்டிய சத்தம் நடுநடுவே தப்பி, 'புடு... புடு' என்று வந்தது. இதைத்தான் மிஸ் அடிப்பது என்பார்கள். காலையில் நன்றாக ஓடிய வண்டி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து நின்று பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக், அதற்குக் கரண்ட் கொண்டுவரும் பிளக் வயர் எல்லாம் புதிதாகப் போட்டு, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையும் துடைத்து மாட்டிய பிறகு இந்த நிலை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்களுடையது அப்பா 2008-ல் வாங்கிய சான்ட்ரோ ஜிங். 1.1 லிட்டர், நான்கு சிலிண்டர். இப்போது அதன் சின்னச் சின்ன வேலைகளை நானே செய்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு, "காயில் போயிருக்குமோ மாமா?" என்று கேட்டேன். பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் கொடுக்கும் பாகம்தான் காயில்.

"ஏட்டி, காலைல நல்லாத்தான ஓடுச்சு? அப்போ நீ தொட்டதுலதான் இருக்கு. புதுசா ஒண்ணும் வாங்காத. எதையெல்லாம் கழட்டுனியோ அதை மட்டும் வரிசையாப் பாரு."

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐடிலிங்ல மட்டும் அடிக்கா, மிதிச்சாலும் அடிக்கா?" பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். சும்மா நிற்கும்போது உதறி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சரியானால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் கலவையைக் கெடுத்துவிடும். மிதித்தாலும் விடாமல் அடித்தால், ஏற்றத்தில் இழுவை இல்லாமல் குலுங்கினால், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், வயர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தது. அது அப்போது குழப்பமாக இருந்தது, காரணம் பின்னால் தெரிந்தது.

தொடங்கும் முன்: கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்து, வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும். துப்பட்டாவை இறுகக் கட்டுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

முதலில் பிளக் வயர். நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில்தான் எரியும். சான்ட்ரோவில் டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். இதில் ஒரு காயில் 1-க்கும் 4-க்கும் சேர்த்துக் கரண்ட் கொடுக்கும், இன்னொன்று 2-க்கும் 3-க்கும். ஆகவே 1-ம் 4-ம் இடம் மாறினால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. 3-ம் 4-ம் மாறினால் வண்டி பிடிக்கவே திணறும், ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று திரும்ப இருமும். கழற்றும் முன் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டேன். வரிசை சரிதான். பிறகு என்ஜினை நிறுத்தி ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பார்த்தேன். பிளக்கில் உட்காரும்போது 'கிளிக்' என்று கையில் தெரிய வேண்டும். ரப்பர் மட்டும் உட்கார்ந்து உள்ளே இருக்கும் கவ்வி பிடிக்காமல் இருப்பது சகஜம். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும்.

வயரில் கீறல் சந்தேகம் இருந்தால் இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினைத் தள்ளி நின்று பாருங்கள். கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி தெறிப்பது தெரியும். கை வைக்க வேண்டாம், அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

அடுத்தது காற்றுக் குழாய்கள். த்ராட்டில் பாடியைக் கழற்றியிருந்தால் அதன் பேக்கிங், டேப்பட் கவரிலிருந்து (என்ஜினின் மேல்மூடி) வரும் ரப்பர் ஹோஸ், ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் எல்லாவற்றையும் பாருங்கள். நான் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரேயரை எடுத்து, ஹோஸ் மாட்டிய ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய தூறலாக அடித்தேன், மின் கனெக்டர்களில் படாமல். மூன்றாவது இடத்தில் 'உஸ்' சத்தம் ஒரு கணம் நின்று என்ஜின் ஓட்டமும் மாறியது. கிளாம்பைத் தள்ளிப் பார்த்தால், ஹோஸின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. பதினாறு வருஷ ரப்பர், நான் திருகி இழுத்தபோது கிழிந்திருக்கிறது. நுனி ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன், நீளம் போதுமானதாக இருந்தது. சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கச் சொல்வார்கள். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும், வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் போதும்.

ஐடிலிங் பாதிக்கு மேல் அடங்கியது. சரியாகிவிட்டது என்று பானெட்டை மூடியிருப்பேன். ஆனால் பாபநாசம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனபோது மூன்றாவது கியரில் இன்னும் வெட்டியது. ஒரு குறை கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

எந்தச் சிலிண்டர் சோம்புகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு: ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாக இழுப்பது. அதைச் செய்யாதீர்கள். ஷாக் அடிக்கும், காயில் கெடும், எரியாத பெட்ரோல், புகை வெளியேறும் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். அதற்குப் பதிலாக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்ரோலே போகாததால் அந்தக் கவலை இல்லை. 1-ஐக் கழற்றினேன், என்ஜின் சட்டென்று தொய்ந்தது. அப்படியென்றால் 1 நன்றாக வேலை செய்கிறது. மாட்டிவிட்டு 2: தொய்ந்தது. 3: ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை. 4: தொய்ந்தது. மூன்றாவதுதான் ஆள். இந்தச் சோதனையில் செக் என்ஜின் விளக்கு எரியலாம், பயப்பட வேண்டாம். ஸ்கேனர் வேலை செய்யும் புதிய வண்டியாக இருந்தால் அதில் வரும் பிழைக் குறியீடே இதை நேராகச் சொல்லும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது.

குற்றவாளி பிளக்கா, வயரா, இன்ஜெக்டரா? இடம் மாற்றிப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகு 3-ன் பிளக்கை 1-லும், 1-ன் பிளக்கை 3-லும் போட்டேன். மறுபடி கனெக்டர் சோதனை. இப்போது சோம்பியது 1. குறை பிளக்கோடு நகர்ந்துவிட்டது, ஆக பிளக்தான். நகராமல் 3-லேயே நின்றிருந்தால் அடுத்து வயரை மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டரும் அதன் கனெக்டரும்.

அந்தப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நுனி நனைந்து கறுத்திருந்தது, பெட்ரோல் வாடை. ஒழுங்காக எரியும் பிளக் காய்ந்து வெளிர் பழுப்பாக இருக்கும். மேலே வளைந்த கம்பி நடுக்கம்பியை ஏறக்குறைய ஒட்டியிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: காலையில் ஒரு பிளக் கை நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது, நான் துடைத்துவிட்டு மாட்டினேன். இந்த வண்டிக்கு இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.5 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. கம்பியை வளைத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நான் வேறு புதியது வாங்கினேன். கடையில் வாங்கும் புதுப் பிளக்கையும் கேஜ் வைத்துப் பார்த்தே மாட்டுங்கள்.

மாட்டும்போது பெட்ரோல் ஹோஸில் ஒரு சாண் துண்டை வெட்டி, பிளக்கின் பின்பக்கம் செருகி, அதைப் பிடித்துச் சுற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், அலுமினியம் ஹெட் பிழைக்கும். வாஷர் படிந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, புதுப் பிளக்குக்கு அது போதும்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்திருந்தால் எல்லாம் சரியான பிறகும் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம். கரி படிந்திருந்த காலத்துக் காற்றுக் கணக்கை வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் வைத்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைப் பத்து நிமிஷம் கழற்றி வைத்து மாட்டி, ஏசி இல்லாமல் பத்து நிமிஷம், ஏசி போட்டுப் பத்து நிமிஷம் ஓட விட்டேன். அடங்கியது.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ ஓட்டிப் பார்க்க வேண்டாம், நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கழற்றிய பழைய பிளக்கையும் வயரையும் ஒரு மாதமாவது டிக்கியில் வைத்திருங்கள். புதிதில் சந்தேகம் வந்தால், ஓடிக்கொண்டிருந்த பழையதைப் போட்டுப் பார்ப்பதைவிட வேகமான சோதனை கிடையாது.